பசங்களோட சவர்டோ: பாம்பெய் ரொட்டில இருந்து ஆரம்பிக்கலாமா?

மாவுக்கை | கோவை | சனி காலை 10.12

லீவு விட்டாச்சு, வீட்ல ரெண்டு பசங்க, பெரியவளுக்கு 10 வயசு சின்னவனுக்கு 6, ரெண்டு பேரும் மாவு டப்பா தொறக்கற சத்தம் கேட்டாலே வந்து நிப்பாங்க. சவர்டோ, அதாவது கடை ஈஸ்ட் இல்லாம புளிச்ச மாவுல பண்ற ரொட்டி, நான் ரொம்ப நாளா போடறேன், ஆனா இந்த லீவுல பசங்களோட சேர்ந்து வரலாற்றுல இருந்து ஒவ்வொரு ரொட்டியா எடுத்து பண்ணிட்டிருக்கோம். அத பத்தி இங்க பேசலாம்னு தான் இந்த இழை.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். "ஹிஸ்டரி பேக்கிங்"னு தேடினா வர்றது பாதிக்கு மேல பிரமிடு ஷேப் குக்கீ, ஐசிங்ல ரோமன் ஹெல்மெட் வரைஞ்ச கப்கேக் இந்த மாதிரி தான். அதுல பசங்களுக்கு சர்க்கரை போகுது, வரலாறு எதுவும் போகல. என் கட்சி என்னன்னா, மண்ணுக்குள்ள இருந்து நெஜமாவே கெடைச்ச ஒரு ரொட்டிய எடுத்துக்கணும், அதுல நமக்கு தெரிஞ்சது எது நம்மளா யூகிச்சு பண்றது எதுன்னு பசங்ககிட்ட பிரிச்சு சொல்லிக்கிட்டே பண்ணணும். ஆறு வயசு பையனுக்கே அது புரியுது, "இது நெஜமா, இல்ல நாமளா போட்டதா"ன்னு அவனே கேக்கறான்.

அதுக்கு இத்தாலில இருந்த ரோமானிய ஊர் பாம்பெய்ய விட நல்ல இடம் கெடையாது. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சு ஊரே சாம்பலுக்குள்ள போச்சு. 1862ல மாடஸ்டஸ் பேக்கரின்னு இப்ப சொல்ற இடத்த தோண்டினப்ப அடுப்புக்குள்ள 81 ரொட்டி அப்படியே கரியா போய் இருந்துச்சு. வட்டமா, ஒரு 20 செ.மீ. அகலம், மேல கோடு போட்டு 8 துண்டா பிரிச்சிருக்கு, சைடுல சுத்தி ஒரு பள்ளம் ஓடுது. பக்கத்துல இருந்த ஹெர்குலேனியம் ஊர்ல கெடைச்ச ஒரு ரொட்டில முத்திரையே இருக்கு, குவின்டஸ் கிரானியஸ் வீரஸோட அடிமை செலர்னு. கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் பேர அழுத்தின மாவு, இன்னிக்கும் படிக்க முடியுது. எம் பொண்ணு அந்த போட்டோவ பெருசு பண்ணி பாத்துட்டு ரொம்ப நேரம் நகரவே இல்ல.

எங்க வீட்டு அளவு: கோதுமை மாவு 250 கிராம், மைதா 250, நல்லா பொங்கின ஸ்டார்ட்டர் (மாவும் தண்ணியும் கலந்து புளிக்க வச்ச உறை) 100, தண்ணி 310, உப்பு 10. வழக்கமான சவர்டோவ விட தண்ணி கம்மியா வச்சிருக்கேன், இளகலா இருந்தா கோடும் நிக்காது முத்திரையும் நிக்காது, பசங்க கையிலயும் ஒட்டி அவங்களுக்கு வெறுத்துடும். நல்லா பிசைஞ்சு மூடி வச்சா எங்க சமையல்கட்டு சூட்டுக்கு மூணு நாலு மணி நேரத்துல ஒன்றரை மடங்கு ஆயிடும். உருண்டையா உருட்டி லேசா தட்டி, சைடுல ஈரம் பண்ண பருத்தி நூல சுத்தி கட்டி, மேல மரக்கரண்டி காம்பால நாலு தடவ குறுக்க அழுத்தினா எட்டு துண்டு. அந்த நூல பத்தி பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சைடு பள்ளம் நூலால வந்துதுங்கறது ஒரு யூகம், கெடைச்சது பள்ளம் மட்டும் தான். இன்னொரு ஒரு மணி நேரம் வச்சுட்டு ஓடிஜில (சின்ன கரண்ட் ஓவன்) 220 டிகிரி, 35ல இருந்து 40 நிமிஷம். அடில தட்டினா டொக்குனு கேக்கணும்.

நீங்கல்லாம் என்ன பண்றீங்க, எந்த ரொட்டி பண்றீங்க, சொல்லுங்க.

---

குட்டிபேக்கர்_அப்பா | சென்னை | சனி மதியம் 1.35

அக்கா சூப்பர். எனக்கு ரெண்டு டவுட்டு. ஒன்னு, ஸ்டார்ட்டர் போட்ட ரெண்டாவது நாளே பாட்டில விட்டு வெளிய வந்துச்சு, பையன் குதிச்சான், அப்புறம் நாலாவது நாள்ல இருந்து படுத்துடுச்சு, ஒரு குமிழி இல்ல, நாத்தம் வேற, கொட்டிடலாமா? ரெண்டாவது, எங்க வீட்ல ஓடிஜி கெடையாது, கேஸ் ஸ்டவ் மட்டும் தான், வெயிலுக்கு ஓடிஜி வாங்கற ஐடியாவும் இல்ல. அப்ப இது நமக்கு இல்லையா?

---

மாவுக்கை | சனி மதியம் 2.20

கொட்டிடாதீங்க தம்பி! அது எல்லாருக்கும் நடக்கறது தான். முதல் ரெண்டு நாள் பொங்கறது ஈஸ்ட்டே இல்ல, மாவுல ஏற்கனவே இருக்கற வேற பாக்டீரியா, லியூகோனோஸ்டாக் மாதிரி, அது கேஸ் விடுது. அதுங்க விடற அமிலத்துல மாவு புளிச்சிடும், அந்த புளிப்பு அதுங்களுக்கே ஆகாது, அடங்கிடும். அப்புறம் புளிப்ப தாங்கற லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் மெதுவா மேல வரும். நடுவுல இந்த அமைதியான நாள்ல தான் பாதி பேர் தூக்கி போட்டுடறாங்க. தெனமும் கொஞ்சம் எடுத்துட்டு மாவும் தண்ணியும் சம எடை போட்டுக்கிட்டே இருங்க, சாக்ஸ் நாத்தம் போய் பழ வாசனையா மாறும் பாருங்க, அங்க தான் திரும்புது. சென்னை வெயிலுக்கு ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு மூணு பங்கு மாவு மூணு பங்கு தண்ணி போடுங்க, ஒன்னுக்கு ஒன்னு போட்டா மூணு மணி நேரத்துல பசில செத்துடும். கார்ப்பரேஷன் தண்ணில குளோரின் வாசனை அடிச்சா ஒரு ராத்திரி தொறந்து வச்சுட்டு ஊத்துங்க.

பாட்டில் மேல ரப்பர் பேண்ட் போட்டு மாவு எங்க நிக்குதுன்னு பையன மார்க் பண்ண சொல்லுங்க. எங்க வீட்ல பொண்ணு ஒரு நோட்டுல நேரம், உயரம், வாசனைன்னு மூணு காலம் போட்டு எழுதறா, வாசனைக்கு அவ எழுதற வார்த்தை எல்லாம் படிக்கணும், "ஈர செவுரு", "அழுகின அன்னாசி", "தயிர்"னு வரிசையா போகுது.

ஓடிஜி இல்லாததுக்கு வேற யாராவது சொல்லுங்க, கேஸ்ல பண்ணி எனக்கு பழக்கமில்ல.

---

வெண்கலப்பானை | தஞ்சாவூர் | சனி மாலை 6.05

அம்மா, நல்ல இழை ஆரம்பிச்சிருக்கீங்க. நான் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தி ரிட்டையர் ஆனவன், பேத்தியோட சேர்ந்து இதெல்லாம் பண்றேன்.

சென்னை தம்பிக்கு: ஓவன் இல்லன்னு கவலையே படாதீங்க, ரோமானியர்கள்ல பல பேர் வீட்டுலயும் ஓவன் இல்ல. கி.மு. 160 வாக்குல கேட்டோன்னு ஒரு பெரியவர் பண்ணை நடத்தறத பத்தி புத்தகம் எழுதினார், அதுல ரொட்டி செய்முறை இருக்கு. கையையும் மாவு பிசையற கலத்தையும் நல்லா கழுவுன்னு தான் ஆரம்பிக்கறார். மாவ போடு, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சேரு, நல்லா பிசை, உருவம் பண்ணு, டெஸ்டம் மூடி சுடு. அவ்வளவு தான் மொத்த செய்முறையும். டெஸ்டம்ங்கறது மண்ணுல பண்ண குழிவான மூடி, சூடான அடுப்பு தரையில ரொட்டிய வச்சு அத கவுத்து சுத்தியும் மேலயும் தணல் போடுவாங்க. நம்ம பிரியாணிக்கு தம் போடற மாதிரியே தான்.

அதனால கனமான அலுமினிய குண்டானோ இரும்பு வாணலியோ எடுத்து உள்ள ஒரு ஸ்டாண்டு வச்சு, மூடி போட்டு மிதமான தீயில கால் மணி நேரம் காய விடுங்க. தட்டுல ரொட்டிய வச்சு உள்ள இறக்கி மூடி, மூடி மேல கொட்டாங்குச்சி தணல் போடுங்க, இல்லாட்டி பாதி நேரத்துல ரொட்டிய திருப்பி போடுங்க. சின்ன ரொட்டியா, 300 கிராம் மாவுக்கு மேல வேணாம். நான்ஸ்டிக் பாத்திரத்த வெறுமனே காய வைக்காதீங்க. குக்கர்ல பண்றவங்க கேஸ்கட்டும் வெயிட்டும் கழட்டிடணும். தணல் வேலை எல்லாம் பெரியவங்க கை மட்டும்.

ஒரு சந்தேகம் யாராவது கேப்பீங்க, பாம்பெய் ரொட்டி புளிச்ச மாவு தான்னு எப்படி தெரியும்னு. பிளினிங்கற ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கார், அவர் காலத்துல பொதுவா முந்தின நாள் மாவுல கொஞ்சம் எடுத்து வச்சு அதையே அடுத்த நாள் உறைக்கு போட்டாங்கன்னு. தினை மாவ திராட்சைச்சாறுல பிசைஞ்சு வருஷம் பூரா உறைக்கு வச்சுக்கறதையும் எழுதறார். கால்ங்கற நாட்டுலயும் (இப்போதைய பிரான்ஸ் பக்கம்) ஸ்பெயின்லயும் பீர் நுரைய போட்டு பண்ணதால அவங்க ரொட்டி லேசா இருக்கும்ங்கறார். இதுல பசங்களுக்கு சொல்ல வேண்டிய விஷயம், இந்த பிளினி செத்ததே அந்த 79ஆம் வருஷ வெசூவியஸ்ல தான், கப்பல் எடுத்துக்கிட்டு ஜனங்கள காப்பாத்த போன இடத்துல. ரொட்டிய பத்தி எழுதினவரும் அந்த ரொட்டியும் ஒரே எரிமலையில போனாங்க. பேத்திக்கு அத சொன்னதுல இருந்து அவர "பிளினி தாத்தா"ன்னு தான் கூப்பிடறா.

---

நெல்லை_மீனா | சனி இரவு 9.48

எல்லாம் சரிதான்க்கா, ஆனா நான் கொஞ்சம் மாத்தி சொல்லுதேன், கோச்சுக்காதீங்க. எம் மவளுக்கு நாலு வயசு. ரெண்டாயிரம் வருசத்து ரொட்டின்னு சொன்னா "ஜாம் இருக்கா"ன்னு தான் கேப்பா. அவளுக்கு இனிப்பா கையில குடுக்கணும், அப்ப தான் அடுத்த தடவ மாவு பிசைய வருவா. பிரமிடு குக்கீ பண்ணாலும் தப்பில்லங்கேன், அந்த ஷேப்பயாவது பாக்குதாள்ல. சின்ன புள்ளைக்கு முதல்ல அடுப்படி புடிக்கணும், ஆதாரம் யூகம் எல்லாம் பொறவு பாத்துக்கலாம். அதோட சவர்டோன்னா ஒரு நாள் பூரா காத்திருக்கணும், நாலு வயசுக்கு அது நடக்குத காரியமா?

இன்னொன்னு, வீட்ல தெனமும் இட்லி மாவு இருக்கு, அதையே ஸ்டார்ட்டரா போட்டா ஆவாதா?

---

மாவுக்கை | சனி இரவு 10.30

மீனா, கோவமெல்லாம் இல்ல, நாலு வயசுக்கு இனிப்பு வேணும்ங்கறத ஒத்துக்கறேன். ஆனா இனிப்பா இருக்கணும்னா பொய்யா இருக்கணும்னு இல்லையே, நெஜமாவே அந்த காலத்து இனிப்பு இருக்கு, குக்கீக்கு ஆகற நேரம் கூட ஆகாது. வெண்கலப்பானை ஐயா சொன்ன அதே கேட்டோ புத்தகத்துல சாவில்லம்னு ஒன்னு இருக்கு. சீஸ் ரெண்டரை பவுண்டு, மாவு அரை பவுண்டு, தேன் கால் பவுண்டு, ஒரு முட்டை, எண்ணெய் தடவின பாத்திரத்துல ஊத்தி மூடி சுட்டு, வெந்ததும் மேல தேன் தடவி கசகசா தூவி, ஸ்பூனோட குடுன்னு எழுதியிருக்கு. ஸ்பூன் வரைக்கும் சொல்லியிருக்கார்! நான் பால திரிச்சு எடுத்த சாஃப்ட் பன்னீர் 250 கிராமுக்கு மாவு 50, தேன் 25, ஒரு சின்ன முட்டைன்னு போடறேன். பன்னீர நல்லா மசிக்கணும், அது முழுக்க முழுக்க சின்னவன் வேலை, ஒரு திப்பி இல்லாம பண்ணிடுவான். 180 டிகிரி, அரை மணி நேரம்.

இட்லி மாவு கேட்டீங்க. இட்லிய பொங்க வைக்கறதுல பெரிய பங்கு அந்த லியூகோனோஸ்டாக் பாக்டீரியாவுக்கு தான், ஈஸ்ட் அதுல அவ்ளோ முக்கியமில்ல. ரொட்டிக்கு ஈஸ்ட் நல்லா வேணும். அதனால ரெண்டு ஸ்பூன் இட்லி மாவ கோதுமைல போட்டு தெனமும் கோதுமையே ஊட்டி வளர்த்தீங்கன்னா கொஞ்ச நாள்ல கோதுமைக்கு பழகின கூட்டம் வந்துடும், நேரா ரொட்டில ஊத்தினா செங்கல் தான் வரும்.

---

நெல்லை_மீனா | ஞாயிறு காலை 7.15

சாவில்லத்துல ஸ்டார்ட்டர் எங்க இருக்கு? இது சவர்டோ இழை தான? கொஞ்சம் ஊத்திக்கிடலாம்லா?

---

மாவுக்கை | ஞாயிறு காலை 8.02

கேட்டோ அதுல புளிச்ச மாவு சொல்லல. நான் மாவுக்கு பதிலா ரெண்டு மூணு ஸ்பூன் டிஸ்கார்டு (ஸ்டார்ட்டருக்கு ஊட்டறப்ப எடுத்துடற மிச்சம்) போடறேன், லேசா புளிப்பு ஏறி தேனோட நல்லா இருக்கு, ஆனா பசங்ககிட்ட "இது நம்ம சேர்த்தது, கேட்டோ தாத்தா சொல்லல"ன்னு சொல்லிட்டு தான் ஊத்துவேன். இத ஒரு பெரிய பாடமா நடத்த வேணாம், ஊத்தறப்ப ஒரு வாக்கியம் போதும்.

---

சாங்கி_செல்வி | சிங்கப்பூர் | ஞாயிறு காலை 9.20

சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம், இங்க கசகசா தடை, ஊர்ல இருந்து வரும்போதும் பையில போட்டுக்கிட்டு வந்துடாதீங்க. யுஏஇலயும் அதே கதை தான். வெள்ளை எள்ளு வறுத்து தூவினா போதும், பசங்களுக்கு அது இன்னும் பிடிக்குது.

அப்புறம் இழை பூரா தேன் வர்றதால சொல்றேன், ஒரு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு தேன் கூடவே கூடாது, வேக வச்சதும் கூடாது, பொட்டுலிசம்ங்கற விஷ நோய் வரலாம். பச்சை மாவ நக்க விடாதீங்க, மாவு வேகாத பொருள், அதுல ஈ.கோலை, சால்மொனெல்லா இருக்கலாம். ஸ்டார்ட்டர் புளிச்சிருக்கேன்னு வாயில வைக்கறதும் வேணாம், மோந்து பாத்தா போதும்.

---

தாரணி_டொரண்டோ | ஞாயிறு இரவு 7.40

வணக்கம், நான் கனடாவில இருந்து எழுதுறன். மீனா அக்கா, நாலு வயசுப் பிள்ளைக்கு காத்திருக்க ஏலாது எண்டு நீங்கள் சொன்னது சரி. அதுக்கு தங்க வேட்டைக்காரரின்ர பான்கேக் தான் நல்லம். இஞ்ச பிள்ளையளுக்கு பள்ளிக்கூடத்தில குளொண்டைக் தங்க வேட்டையப் பற்றி படிப்பிக்கினம், 1896இல யூக்கோன் பக்கம் ஒரு ஓடையில தங்கம் கண்டெடுத்தவுடன ஆயிரக்கணக்கில சனம் பனிமலை ஏறிப் போனது. ஒரு வருசத்துக்கான சாமான் இல்லாமல் எல்லையில பொலிஸ் உள்ள விடேல்ல, அதில மாவு மட்டும் நூறு கிலோவுக்கு மேல. அந்தக் குளிரில கடை ஏது, ஈஸ்ட் ஏது, ஒரு சட்டியில புளிச்ச மாவை வைச்சு அது உறையாமல் உடுப்புக்குள்ள வைச்சுக் கொண்டு படுத்தவை எண்டு சொல்லுவினம். அங்க குளிர்காலம் தாண்டின பழைய ஆக்களுக்கு "சவர்டோ" எண்டே பேர் வந்திட்டுது. என்ர மகனுக்கு இந்தக் கதை சொன்னால் தானும் பாட்டிலை போர்வைக்குள்ள கொண்டு போகப் போறன் எண்டு நிண்டான்.

பான்கேக்குக்கு ஸ்டார்ட்டர் 200 கிராம், முட்டை ஒண்டு, பால் 100, மா 60, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, எல்லாம் கலந்த பிறகு கடைசியா அரைத் தேக்கரண்டி சோடா. அந்த சோடாவைப் பிள்ளையே போடட்டும். புளிப்பும் சோடாவும் சேர கலவை கண்ணுக்கு முன்னாலயே நுரைச்சு மேல எழும்பும், என்ர ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்ப்பினம். உடன தோசைக்கல்லில ஊத்திப் போடுங்கோ, வைச்சிருந்தால் காத்துப் போயிடும். மாட்டு வண்டில மேற்க போன அமெரிக்கச் சனமும் சலரேட்டஸ் எண்டு சோடா கொண்டு போனவை, ஆனபடியால் சோடா போடுறது காலத்துக்குப் பொருந்தாத வேலை இல்லை.

சான் பிரான்சிஸ்கோ பூடீன் பேக்கரியின்ர கதையும் சொல்லலாம். 1849இல துவங்கினது, 1906 பூமியதிர்ச்சியில லூயிஸ் பூடீன் எண்ட அம்மா தாய் மாவை ஒரு வாளியில போட்டு காப்பாத்தினவ எண்டு அந்தப் பேக்கரி சொல்லுது. 1971இல அந்த ஊர்ப் புளிச்ச மா ரொட்டியில இருந்த ஒரு பாக்டீரியாவுக்கு ஊரின்ர பேரையே வைச்சவை, பிறகு பார்த்தால் அதே பாக்டீரியா ஐரோப்பாவிலயும் இருக்கு.

---

நெல்லை_மீனா | ஞாயிறு இரவு 10.55

தாரணி, இது தான் எனக்கு வேண்டியது. நாளைக்கே போடுதேன். கதையும் இருக்கு, அஞ்சு நிமிசத்துல கையில சாப்பாடும் இருக்கு. வாளி கதை எம் மவளுக்கு புடிக்கும்.

---

வெண்கலப்பானை | திங்கள் காலை 6.30

காய்ஞ்சு போன சவர்டோ மிஞ்சினா தூக்கி போடாதீங்க, அதுக்கும் ஒரு வரலாற்று இனிப்பு இருக்கு. இங்கிலாந்துல 15ஆம் நூற்றாண்டு கையெழுத்து சுவடி ஒன்னுல ஜிஞ்சர்பிரெட் செய்முறை இருக்கு. தேன காய்ச்சி நுரை எடுத்து, குங்குமப்பூவும் மிளகுத்தூளும் போட்டு, துருவின ரொட்டிய கெட்டியா வர்ற வரைக்கும் கிளறி, சதுரமா தட்டி, மேல பட்டைத்தூள் தூவி, இலையும் கிராம்பும் குத்தி அலங்காரம் பண்ணணும். அந்த எழுத்துல இஞ்சியே இல்ல! பேத்தி அத கண்டுபிடிச்சு என்கிட்ட சண்டைக்கு வந்தா. ஓவன் வேணாம், தேன் 200 கிராமுக்கு ரொட்டித்தூள் 200ல இருந்து 250, பாத்திரத்துல ஒட்டாம சுருண்டு வரணும். கொதிக்கற தேன் கையில பட்டா பொத்துப்போயிடும், கிளறற வேலை நம்மளுது, தட்டறதும் கிராம்பு குத்தறதும் பசங்களுக்கு.

---

குட்டிபேக்கர்_அப்பா | செவ்வாய் இரவு 9.10

அப்டேட்! ஸ்டார்ட்டர் எழுந்துடுச்சு அக்கா, நீங்க சொன்ன மாதிரியே, பையன் ரப்பர் பேண்ட்ல இருந்து ரெண்டு விரக்கடை மேல ஏறிருக்குன்னு தூக்கத்துல இருந்து என்னை எழுப்பி காட்டறான்.

இன்னொரு கேள்வி, இது ரொட்டிய பத்தி இல்ல. அந்த முத்திரைய பத்தி பேசறப்ப பையன், அவனுக்கு 8 வயசு, "அடிமைன்னா என்னப்பா"ன்னு கேட்டுட்டான். நான் "வேலைக்காரர் மாதிரி"ன்னு சொல்ல வாயெடுத்தேன், என் ஒய்ஃப் வேணாம்னா. சந்தோஷமா ரொட்டி பண்ற நேரத்துல இத எவ்ளோ தூரம் சொல்றது?

---

சாங்கி_செல்வி | செவ்வாய் இரவு 10.02

8 வயசுக்கு ரொம்ப உள்ள போக வேணாம்னு நினைக்கறேன். லீவு நாள்ல ஜாலியா இருக்கட்டும், ஸ்கூல்ல படிக்கறப்ப தெரிஞ்சுக்கட்டும்.

---

மாவுக்கை | செவ்வாய் இரவு 10.47

செல்வி, இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். வேலைக்காரர்னு சொன்னா அது தப்பான தகவல், பையன் அதையே மனசுல வச்சுப்பான். சம்பளம் கெடையாது, அந்த இடத்த விட்டு போக முடியாது, இன்னொருத்தர் அவங்கள சொத்து மாதிரி வாங்கி வித்தாங்க, இந்த மூணையும் 8 வயசுக்கு புரியற மாதிரி சொல்லலாம். 2023 டிசம்பர்ல பாம்பெய்ல ஒரு பேக்கரிய கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க, சின்ன அறை, உயரத்துல கம்பி போட்ட சின்ன ஜன்னல், அடிமைகளையும் கழுதைகளையும் ஒன்னா அடைச்சு வச்சு எரிமலை கல் திருகைய சுத்த வச்சிருக்காங்க, தரை கல்லுல கால் போற தடத்துக்கு பள்ளம் கூட வெட்டி வச்சிருக்கு. அந்த ஊர் ரொட்டிக்கு மாவு இந்த மாதிரி இடத்துல இருந்தும் வந்துச்சு. அத மறைச்சுட்டு எட்டு துண்டு கோடு மட்டும் அழகா போட்டு என்ன பிரயோஜனம்.

எங்க வீட்ல நான் நெறைய பேசல. பொண்ணு தன் பேருக்கு முத்திரை பண்ணணும்னா, கெட்டியான கேரட்ட வட்டமா நறுக்கி குடுத்தேன், "கயல்"னு மூணு எழுத்து. முத்திரைல எழுத்து கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி செதுக்கணும், ய-வோட வளைவு எந்த பக்கம் வரணும்னு பேப்பர்ல எழுதி ஜன்னல்ல பின்பக்கமா புடிச்சு பாத்து பாத்து பண்ணா. அழுத்தறப்ப மாவு மேல கொஞ்சம் மைதா தூவிட்டு, ஓடிஜிக்குள்ள போறதுக்கு முன்னாடி கடைசியா, கிட்டத்தட்ட அடி வரைக்கும் அழுத்தணும், இல்லன்னா வெந்து உப்பறப்ப எழுத்து போயிடும். செதுக்கிட்டு இருக்கும்போதே அவளா கேட்டா, "செலர் பேர செலரே போட்டானா, இல்ல ரொட்டி யாருதுன்னு தெரியறதுக்கு முதலாளி போட சொன்னானா?" அதுக்கு நான் பதில் சொல்லல, அந்த கேள்விய நோட்டுல எழுதி வைன்னு சொன்னேன். முத்திரைல முதலாளி பேரும் இருக்கு பாருங்க.

---

சாங்கி_செல்வி | புதன் காலை 8.15

கம்பி ஜன்னல் விஷயம் எனக்கு தெரியாது. சரி, சொல்லித்தான் ஆகணும், ராத்திரி தூங்கற நேரத்துல வேணாம், பகல்ல சொல்றேன்.

---

வெண்கலப்பானை | புதன் மாலை 5.50

அடுத்து எகிப்து பண்றவங்களுக்கு ஒரு நல்ல சேதி. எகிப்துல ரொட்டிக்கும் பீருக்கும் ஆயிரக்கணக்கான வருஷம் பயன்படுத்தினது எம்மர்ங்கற கோதுமை. அது நம்ம ஊர்லயே கெடைக்குது, சம்பா கோதுமை தான் அது. கடைல கப்ளின்னு போட்டிருக்கான்னு பாத்து முழு கோதுமையா வாங்கி அரைச்சுக்கோங்க. அதுல ரொட்டிய தூக்கி நிறுத்தற பசைத்தன்மை கம்மி, அதனால பாதி சம்பா பாதி மைதா போட்டா பசங்களுக்கு ஏமாத்தமா இருக்காது.

1991ல கீசா பிரமிடுக்கு தெக்க மார்க் லேனர் குழு பேக்கரிய தோண்டி எடுத்தாங்க, மணி வடிவத்துல கனமான மண் அச்சு நெறைய கெடைச்சுது. அச்ச தனியா சூடு பண்ணி, மாவ ஊத்தி, மேல இன்னொரு சூடான அச்ச கவுத்து சுட்டிருக்காங்க. வீட்ல மெருகு போடாத சின்ன மண் குவளைல பண்ணலாம், புதுசா இருந்தா எண்ணெய் தடவி பழக்கிக்கணும், ஈரமான மண்பாண்டத்த திடீர்னு சூட்டுல வச்சா வெடிக்கும். மாவு பாதி அளவு தான் ஊத்தணும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல மெகெட்ரேன்னு ஒரு அதிகாரி கல்லறைல 1920ல கெடைச்ச மர பொம்மை செட்டு இருக்கு. மாவு இடிக்கறவன், திருகைல அரைக்கறவ, பிசையறவன், அடுப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கறவன்னு ஒரு பேக்கரி மொத்தமும் பொம்மையா, கிட்டத்தட்ட 4,000 வருஷம் பழசு. மியூசியம் வெப்சைட்ல பசங்களுக்கு காட்டுங்க, யார் என்ன வேலை பண்றாங்கன்னு கண்டுபிடிக்க சொல்லுங்க.

---

குட்டிபேக்கர்_அப்பா | வியாழன் இரவு 8.25

ஐயா, எகிப்து பானைல இருந்து 4,000 வருஷத்து ஈஸ்ட எடுத்து ஒருத்தர் ரொட்டி சுட்டார்னு படிச்சேனே, நெஜமா?

---

வெண்கலப்பானை | வியாழன் இரவு 9.15

சீமஸ் பிளாக்லின்னு, எக்ஸ்பாக்ஸ் உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். 2019ல பாஸ்டன் பக்கத்து மியூசியங்கள்ல இருக்கற பழைய எகிப்து பானைகள்ல இருந்து ஒரு எகிப்தியல் ஆய்வாளரும் ஒரு நுண்ணுயிர் ஆய்வாளரும் கூட சேர்ந்து மாதிரி எடுத்தாங்க. அதுல கெடைச்சத பழைய வகை தானிய மாவுல வளர்த்து ரொட்டி சுட்டது நெஜம். அந்த ஈஸ்ட் பானை காலத்துதா, அப்புறமா வந்து ஒட்டினதாங்கறது நிரூபணம் ஆகல. அம்மா முதல் பதிவுல சொன்னத இதுக்கும் போட்டு பாருங்க, பையனையே பிரிக்க சொல்லுங்க: பானை நெஜம், மாவு வகை நெஜம், ஈஸ்ட் வயசு யூகம்.

---

குட்டிபேக்கர்_அப்பா | ஞாயிறு மதியம் 12.40

பண்ணியாச்சு! பாம்பெய் ரொட்டி, கேஸ் ஸ்டவ்ல, அம்மா வீட்டு பழைய பிரியாணி குண்டான்ல. 300 கிராம் மாவு, ஐயா சொன்ன மாதிரி மூடி மேல கொட்டாங்குச்சி தணல், பால்கனில வச்சு பத்த வச்சு கொண்டு வந்தோம். 50 நிமிஷம் ஆச்சு. மேல நல்ல பழுப்பு, அடி கொஞ்சம் கருத்துடுச்சு, எட்டு துண்டும் கோடு மேலயே கையால உடைஞ்சு வந்துச்சு, கத்தியே தொடல. பையன் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டா பிச்சு குடுத்தான், பூண்டும் சீஸும் அரைச்சு தொட்டுக்க வச்சோம். "அடி கருகினது பரவால்ல, ஒரிஜினல் ஃபுல்லா கருகினது தானே"ன்னான், அது நெஜம் தானே.

ஒரே கேள்வி, நூல் ரொட்டில பதிஞ்சு ஒட்டிக்கிச்சு, எடுக்க கஷ்டமா இருந்துச்சு. எண்ணெய் தடவி கட்டலாமா? அம்மா கட்டு நூல் நைலான்ல இருக்குங்கறாங்க, அது ஓகேவா?

---

மாவுக்கை | ஞாயிறு மதியம் 1.05

வாழ்த்துக்கள் தம்பி, பையனுக்கும்! நைலான் வேணவே வேணாம், உருகிடும். சாயம் போடாத பருத்தி நூல், பூக்கட்டற வெள்ளை நூல மூணு நாலு இழை முறுக்கிக்கோங்க, தண்ணில நனைச்சு அப்புறம் எண்ணெய்ல ஒரு முக்கு. இறுக்கி கட்டாதீங்க, ஒரு விரல் உள்ள போற அளவுக்கு விட்டு கட்டினா மாவு உப்பி அதுவா பள்ளம் விழும். ரொட்டிய இறக்கின உடனே சூடா இருக்கறப்பவே முடிச்ச வெட்டி இழுத்துடுங்க. அடி கருகறதுக்கு ஸ்டாண்டு மேல வாழை இலை இல்ல ரெண்டு தட்டு போட்டு பாருங்க, தீயையும் கடைசி கால் மணி நேரம் சிம்முல வைங்க.